சுக்கான் பிடித்தவனின் வரி

“இல்லாத வரி எப்படி அண்ணி புத்தகத்துல ஏறும்? நானா கொண்டுவந்து சொருகினேன்? நான் பைண்டிங் பண்றவ, நீங்க குடுத்ததை—”

“உன்னை யாரு சொன்னா? நான் என்னைத்தான் திட்டிக்கிட்டு—”

“—அச்சடிச்சேன், தைச்சேன், முதுகுல தங்க எழுத்து போட்டேன். அவ்வளவுதான் என் பாடு.”

“வாலு, கொஞ்சம் வாயை மூடுறியா? தலைக்குள்ள ஒண்ணும் ஓடல.”

“காலையிலேருந்து ஓடினதுதான் இப்படிக் கொண்டுவந்து விட்டிருக்கு.”

கடையின் இரும்புக் கதவு பாதிதான் ஏறியிருந்தது. காகிதம் வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், பிரிக்காத கட்டுகளின் மேல் அண்ணி உட்கார்ந்திருந்தாள். தேய்த்துப் போட்டுக்கொண்ட உடையில் அதற்குள் பசை ஒட்டியிருந்தது, அவள் கவனிக்கவில்லை. மடியில் அந்தப் பழைய கிரேக்கக் காவியம் திறந்து கிடந்தது. பதினோரு மணிக்கு அவளுக்கு முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. வேலைக்கும் போய்க்கொண்டு, வீட்டையும் பார்த்துக்கொண்டு, முடிக்கவே மாட்டாள் என்று உறவெல்லாம் சிரித்த படிப்பு.

எல்லாம் நல்லபடியாகத்தான் வந்தது. இன்று விடிந்ததும் வெளித்தேர்வாளரிடமிருந்து ஒரு செய்தி. ‘நான்காம் இயலில் நீங்கள் மேற்கோள் காட்டும் சுக்கான்காரன் வரி என்னிடம் உள்ள பதிப்பில் அகப்படவில்லை. வரி எண்ணைக் கொண்டுவாருங்கள்.’

அண்ணியிடம் உள்ள பதிப்பிலும் அகப்படவில்லை.

“நல்லாப் பாருங்க. பக்கம் ஒட்டிக்கிட்டு இருக்கும். புதுப் புத்தகத்துல அப்படி ஆகும்” என்றாள் வாலு. அவள் அண்ணியின் நாத்தனார். சின்ன வயதில் வீட்டார் வைத்த பட்டப்பெயர், கடைக்கு முதலாளி ஆன பிறகும் விடவில்லை.

“பத்து வருஷமா புரட்டுற புத்தகம்டி இது. புயல் வருது. பாய்மரம் முறியுது. சுக்கான் பிடிச்சிருந்தவன் கடல்ல விழுறான். அடுத்த வரியில கப்பல் கரை சேர்ந்துடுது. நடுவுல ஒண்ணும் இல்ல.”

“நடுவுலதானே நம்ம வரி?”

“நடுவுல ஒண்ணும் இல்லைன்னு சொல்றேனே.”

வாலு இயந்திரத்தின் சுவிட்சை அணைத்தாள். கடை சட்டென்று அமைதியானது.

“கடல் அவனைக் கொண்டுபோயிற்று; கைப்பிடிச் சூடு மட்டும் சுக்கானில் தங்கியிருந்தது” என்று மெதுவாகச் சொன்னாள். “இதுதானே? இது இல்லையா?”

“இருக்கு. துண்டு துண்டா இருக்கு. ‘கடல் கொண்டுபோயிற்று’ முதல் பாகத்துல இருக்கு, அது வேற எவனோ ஒருத்தன். ‘கைப்பிடிச் சூடு’ ஒரு ஈட்டியைப் பத்தினது. ‘தங்கியிருந்தது’ன்னு வரி முடியறது அடுப்புப் புகைக்கு. மூணும் மூணு இடம். ஒட்டினது நான்.”

“எப்போ?”

அண்ணி புத்தகத்தை மூடினாள். எப்போது என்று சொல்லத் தேவை இல்லை. வாலுவும் அப்போது அங்கேதான் இருந்தாள்.

வாலுவின் அப்பாவுக்கு, அண்ணி ‘மாமா’ என்று கூப்பிடும் மாமனாருக்கு, உடம்பு முடியாமல் போன சமயம். வாழ்நாள் முழுக்கப் பேருந்து ஓட்டியவர், மருத்துவமனைக் கட்டிலில் கால் நீட்டிக் கிடப்பதைத் தண்டனை மாதிரி நினைத்தார். பார்வையாளர் நேரத்தில் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து காவியத்தை மனப்பாடம் செய்வாள். அவளுடைய ஆய்வு வழிகாட்டி வாயால் படிக்கச் சொல்கிறவர். அந்தக் காலத்துப் பாடகர்கள் எழுதி வைத்துக்கொண்டு பாடவில்லை, செய்யுள் அளவுக்குப் பொருந்துகிற ஆயத்தத் தொடர்களை நாவில் வைத்திருந்தார்கள், கதை போகிற போக்கில் எடுத்துக் கோர்த்தார்கள் என்பார். வகுப்பில் ஒருவர் பாதி வரி சொன்னால் அடுத்தவர் மீதியைக் கட்ட வேண்டும். அந்த விளையாட்டில் அண்ணியை ஜெயிக்க ஆள் கிடையாது.

கட்டிலின் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டு பாடுவாள். ஒரு நீளம், இரண்டு குட்டை. ஒரு நீளம், இரண்டு குட்டை.

“இது என்னம்மா, பழைய டீசல் வண்டி மேட்டுல ஏறுற மாதிரி இருக்கு” என்பார் மாமா. “சரி, அர்த்தம் சொல்லு.”

சொல்வாள். சண்டை, கப்பல், விருந்து, மறுபடி சண்டை. மாமா பாதி தூங்குவார். சுக்கான்காரன் விழுந்த இடத்தில் மட்டும் கண்ணைத் திறந்தார்.

“அப்புறம்?”

“அப்புறம் கப்பல் கரை சேர்ந்துடுது மாமா.”

“அது தெரியுது. ஓட்டினவன்?”

“அவனைப் பத்தி...”

“வண்டி ஓட்டுறவன் செத்தா எந்த ஊர்லயும் யாரும் நின்னு பாக்கமாட்டாங்க போல. மூவாயிரம் வருஷமா இதே கதையா?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் அண்ணியின் விரல் கம்பியில் மறுபடி தட்டியது. கிரேக்கத்தில் ஒரு வரி முழுசாக வந்தது. அர்த்தமும் சொன்னாள். நினைவிலிருந்துதான் வருகிறது என்று அவள் நம்பினாள். வந்த வேகம் அப்படி.

மாமா அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். அதற்குப் பிறகு தினமும் கேட்டார். கடைசியில் அவரே சொல்லிக்கொண்டிருந்தார்.

“அண்ணி,” வாலுவின் குரல் இறங்கியிருந்தது, “அட்டை?”

“அதைத்தான் நானும் நினைச்சுக்கிட்டிருக்கேன்.”

அப்பா போன பிறகு பேருந்து டிப்போ ஆட்கள் அவர் நினைவாக ஏதாவது கேட்டார்கள். வாலு இதே கடையில், இதே இயந்திரத்தில், உள்ளங்கை அளவு அட்டை அச்சடித்துக் கொடுத்தாள். மேலே அந்த வரி. கீழே சின்ன எழுத்தில் ‘பழைய கிரேக்கக் காவியத்திலிருந்து’. ஓட்டுநர்கள் அதை ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டிக்கொண்டார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் வந்து கேட்டு, வாலு மறுபடி மறுபடி அடித்தாள். அப்பாவைப் பார்த்தே இராதவர்கள்கூட அதைச் சொல்கிறார்கள்.

“ஊர் பூரா ஓடிக்கிட்டு இருக்கு அண்ணி அது.”

“தெரியுதுடி.”

“அப்போ அது பொய்யா?”

“பொய்யின்னு யார் சொன்னா?”

“பின்ன என்ன அது? நீங்க கட்டினதுன்னா கீழ உங்க பேரைப் போட்டிருப்பேனே. கிரேக்கக் காவியம்னு நம்பித்தானே அப்பா... ‘பாத்தியா, அந்தக் காலத்துலயே ஒருத்தன் கவனிச்சிருக்கான்’னு சொன்னாரே. உங்களுக்கு ஞாபகம் இல்ல?”

அண்ணிக்கு ஞாபகம் இருந்தது. ஆய்வேட்டின் நான்காம் இயலே அந்தச் சொல்லிலிருந்து முளைத்ததுதான். எது காலத்தைத் தாண்டி நிற்கும் இலக்கியம் என்று ஆளுக்கு ஆள் இலக்கணம் சொல்கிறார்கள். பெரிய வீரனைப் பாடுவதால் அல்ல, தன் போக்கில் தொலைத்துவிட்டுப் போன ஆளையும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பதால்தான் ஒரு காவியம் நிற்கிறது என்று அவள் எழுதியிருந்தாள். சாட்சி, அந்த ஒரு வரி. வரியை உருவினால் இயல் சரியும். காவியம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தவள் அவள்.

“ஒண்ணு செய்யலாம்” என்றாள் வாலு. “நூலகத்துக்குப் போற பிரதி இன்னும் இங்கதான் இருக்கு. தையலைப் பிரிச்சு, அந்த ஒரு தாளை மாத்திட்டு, மறுபடி தைச்சா எவனுக்கும் தெரியாது. என் கை அப்படி.”

“தேர்வாளர் கையில ஒரு பிரதி இருக்கே. அதை யார் பிரிக்கிறது? நீ போய் அவங்க பையில கை விடுவியா?”

“அண்ணன் விடுவான்.”

“உங்க அண்ணன் பல் தேய்க்கவே ரெண்டு தடவை சொல்லணும்.”

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது, ஏனென்றால் ‘அண்ணன்’ அப்போதுதான் போனில் கூப்பிட்டான். தேர்வாளரை ரயில் நிலையத்திலிருந்து காரில் கூட்டிவர அவனைத்தான் அனுப்பியிருந்தார்கள். வாலு ஸ்பீக்கரைப் போட்டாள்.

“வந்துட்டாங்களாங்க? எப்படி இருக்காங்க?” அண்ணிக்குக் குரல் கீச்சென்று வந்தது.

“சளி. பேசினா மூக்கு, பேசலைன்னா இருமல். இப்ப மருந்துக் கடைக்குள்ள போயிருக்காங்க, அதான் கூப்பிட்டேன். நல்ல மாதிரியாத்தான் இருக்காங்க. ஒரு அதட்டல் கிடையாது.”

“உங்ககிட்ட ஏதாவது கேட்டாங்களா?”

“வண்டியில ஏறின உடனே அட்டையைப் பாத்தாங்க.”

“எந்த அட்டை?”

“நம்ம அப்பா அட்டைதான். ஸ்டியரிங் பக்கத்துல ஒட்டியிருக்கேன்ல. ‘இது எங்க கிடைச்சுது’ன்னாங்க. டிப்போவுல எல்லார்கிட்டயும் இருக்கு மேடம், கிரேக்கத்துல ரொம்ப ஃபேமஸ்னு சொன்னேன். சரியாத்தானே சொன்னேன்?”

அண்ணி வாலுவைப் பார்த்தாள்.

“போட்டோ எடுத்துக்கிட்டாங்க” என்றான் அவன் பெருமையாக. “வராங்க, வெச்சுடறேன்.”

வாலு தலையில் கை வைத்துக்கொண்டாள். “தெய்வமே. இவனை ஏன் அனுப்பினீங்க?”

“உன் அண்ணன்தானே.”

“உங்க புருஷன்.”

பல்கலைக்கழகத்தில் வழிகாட்டி துறையின் வாசலிலேயே காத்திருந்தார். அண்ணியைக் கண்டதும் படிக்கட்டில் இறங்கி, குரலைத் தாழ்த்தி, நேராக விஷயத்துக்கு வந்தார்.

“கிடைச்சுதா?”

“இல்ல சார். அது... அது என் வரி சார். துண்டுகளைக் கோத்து நானே—”

“மெல்லப் பேசும்மா.” சுற்றிலும் பார்த்தார். நல்ல மனிதர். மேற்கோள்களைச் சரிபார்க்க வேண்டியவரும் அவர்தான், பார்க்கவில்லை. அது இப்போது அவர் கழுத்திலும் தொங்கியது. “ஒண்ணும் பதற்றப்படாத. இந்த மாதிரி பழைய நூலுக்கு எத்தனையோ சுவடி. ஒண்ணுல இருக்கிற வரி இன்னொண்ணுல இருக்காது. ஏதோ ஒரு சுவடியில பாத்த ஞாபகம், குறிப்பு எடுக்க விட்டுப்போச்சுன்னு சொல்லிடு. சின்னத் திருத்தம்னு எழுதிட்டு விட்டுடுவாங்க.”

“எந்தச் சுவடின்னு கேட்டா?”

“கேக்கமாட்டாங்க. அளவு சரியா இருக்கு இல்ல?”

“இருக்கு சார். ஒரு அசை பிசகல.”

“அப்புறம் என்ன? அந்தக் காலத்துப் பாடகன் செஞ்சதைத்தானே நீயும் செஞ்சிருக்கே” என்று சொல்லிவிட்டு, சொன்னது ஆறுதலா குற்றச்சாட்டா என்று அவருக்கே தெரியாமல், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

பின்னால் நின்ற வாலு காதோரம் கிசுகிசுத்தாள். “அவர் சொல்றதைக் கேளுங்க அண்ணி. அப்பாவுக்காக.”

“அப்பாவுக்காகத்தான்னு சொல்லாதடி. உனக்காகன்னு சொல்லு, கேக்கறேன்.”

“சரி, எனக்காக. அந்த டிப்போ வாசல்ல நான் எப்படி நடப்பேன்? நீங்க மட்டும் என்ன, பட்டம் இல்லாம வெளியில வந்து அண்ணன் மூஞ்சியில முழிப்பீங்களா?”

அண்ணி உள்ளே போனாள்.

நீளமான அறை. மின்விசிறி சத்தம் போட்டது. அது திறந்த தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். ஏழெட்டு மாணவர்கள் சிற்றுண்டிக்காக வந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசையில் வாலு, பையை மடியில் அணைத்துக்கொண்டு. பக்கத்தில் அவள் அண்ணன், சிரித்த முகமாக.

தேர்வாளர் ஒல்லியான அம்மாள். மேசையில் மாத்திரை, வெந்நீர், அண்ணியின் ஆய்வேடு. ஏட்டிலிருந்து நிறைய மஞ்சள் சீட்டுகள் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தன. முதல் மூன்று இயல்களை அவர் பாராட்டினார். அண்ணி பேசினாள். என்ன பேசினாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நா தானாக ஓடியது. முன்னுரையில், மேற்கோள்கள் அனைத்தும் மனப்பாடத்திலிருந்தே எழுதப்பட்டவை, காவியத்தை நாவால் கற்பதே அதைக் கற்கும் முறை என்று அவள் எழுதியிருந்ததை அவர் வாய்விட்டுப் படித்துக் காட்டினார். மாணவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“இப்போ நான்காம் இயல்” என்றார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். “காலையில ஒண்ணு கேட்டிருந்தேன்.”

அண்ணி வாயைத் திறப்பதற்குள் வழிகாட்டி முந்திக்கொண்டார். “அது ஒரு சுவடி வேறுபாடு மேடம். இவங்க ஏதோ ஒரு சுவடியோட படியில பாத்திருக்காங்க. குறிப்பு விட்டுப்போச்சு. என் கவனக்குறைவுதான்.”

“அப்படியா?” அந்த அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. “அப்போ நான் நிம்மதியா மூச்சு விடலாம். இத்தனை வருஷம் சொல்லிக்குடுத்துட்டு இப்படி ஒரு வரியைத் தவற விட்டுட்டேனேன்னு ரயில் பூரா என்னையே திட்டிக்கிட்டு வந்தேன்.” பேனாவைத் திறந்தார். நோட்டை இழுத்துக்கொண்டார். “எந்தச் சுவடின்னு தேடி எனக்கு அனுப்புங்கம்மா. அவசரம் இல்ல. இந்த வருஷமே என் பசங்களுக்குச் சொல்லிடறேன். புதுப் பதிப்பு ஒண்ணு வருது, அதுலயும் அடிக்குறிப்பா சேத்துடலாம்.”

பேனா நோட்டின் மேல் நின்றது.

அண்ணி அந்தப் பேனா முனையைப் பார்த்தாள். அது கீழே தொட்டால் வரி காவியத்துக்குள்ளேயே போய்விடும். டிப்போவில் ஓடுவது ஒன்று, இது வேறு. இனி வரும் பிள்ளைகள் எல்லாம், காவியம் சுக்கான்காரனைத் திரும்பிப் பார்த்தது என்று படிப்பார்கள். ‘ஓட்டினவன்?’ என்று மாமா கேட்ட கேள்வியை இனி யாரும் கேட்கவே மாட்டார்கள்.

“எழுதாதீங்க மேடம்.”

வழிகாட்டி தண்ணீர் டம்ளரைத் தேடினார்.

“அது எந்தச் சுவடியிலயும் இல்ல. நான் கட்டினது. கட்டறேன்னு தெரியாமலே கட்டினது. எங்க மாமா உடம்பு முடியாம இருந்தப்போ கேட்டாரு, அந்த ஓட்டினவன் என்ன ஆனான்னு. வாயில வந்துச்சு. காவியத்துல இருக்குன்னு நானும் நம்பித்தான் எழுதினேன். இன்னைக்குக் காலையிலதான் தெரியும். சுவடின்னு சொன்னது பொய்.”

கடைசி வரிசையில் நாற்காலி ஒன்று கீச்சிட்டது. வாலு எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அண்ணன் அவள் கையைப் பிடித்து இழுத்தான், உதறினாள்.

“மேடம், நான் ஒண்ணு கேக்கலாமா? நான் படிச்சவ இல்ல, இந்தப் புத்தகத்தைத் தைச்சவ.”

“கேளுங்க.”

“அந்த வரியை அட்டையில அடிச்சு ஊர் பூரா குடுத்துட்டேன். கிரேக்கக் காவியம்னு போட்டு. இப்ப எல்லாத்தையும் திருப்பி வாங்கணுமா?”

ஒரு மாணவன் சிரித்தான். தேர்வாளர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு வாலுவை நன்றாகப் பார்த்தார்.

“நான் வந்த கார்ல ஒண்ணு இருந்துச்சு. படிச்சதும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. சளின்னு நினைச்சுக்கிட்டேன்.” இருமினார். “கீழ இருக்கிற சின்ன எழுத்தை மட்டும் எடுத்துடுங்க. மேல இருக்கிறதுக்கு நான் தேர்வாளர் இல்ல. உட்காருங்கம்மா.”

வாலு உட்கார்ந்தாள். பையில் முகத்தை வைத்துக்கொண்டாள். இவ்வளவுதான் என்று அண்ணிக்குத் தோன்றியது. திருத்தம் என்று எழுதுவார்கள். நான்காம் இயலை மாற்றி எழுத வேண்டும், எழுதலாம். காவியம் எதைச் சொல்லாமல் விட்டதோ அங்கே ஒருவன் வந்து கேட்கிறான் என்பதையே எழுதலாம். அந்த நினைப்பு இன்னும் முழுசாகத் திரளவில்லை.

தேர்வாளர் ஏட்டை முதல் பக்கத்துக்குத் திருப்பினார். மஞ்சள் சீட்டுகள் சலசலத்தன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். அவர் குரல் முன்பு போலவே மென்மையாக இருந்தது.

“வரி அவ்வளவு நல்லா இருக்கும்மா. அளவு, சொல், எல்லாம் அவங்க பாடின மாதிரியே. அதான் எனக்கு பயமா இருக்கு. இந்த ஒரு வரியை நான் தேடினதால பிடிச்சேன். மத்த மேற்கோள் எல்லாமும் நீங்க மனசிலிருந்து எழுதினதுதானே... அதுல எது எது அவங்க பாடினது, எது எது நீங்க பாடினதுன்னு உங்களால இப்போ சொல்ல முடியுமா?”